சுவர் யாருடையது?



தெரு ஓவியம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். மன்னிக்க வேண்டும். நான் பேசப் போகும் ஓவியங்களில் பாதி இப்போது உலகத்தில் இல்லை. சில உடைக்கப்பட்டன, சில வெள்ளையடிக்கப்பட்டன. ஓர் ஊரில் வரைந்தவரே வந்து அழித்துவிட்டுப் போனார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சுவர் யாருடையது என்று பழமொழி கேட்கவில்லை. தெருவில் வரைகிறவருக்கு முதல் கேள்வியே அதுதான். கடந்த நூறாண்டுச் சுவரோவிய வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நியூயார்க்கில் தொடங்குகிறேன். 1932-ல் அங்கே ராக்ஃபெல்லர் மையம் எழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன, தெருவில் கஞ்சிக்கு வரிசை நின்றது. அந்த நேரத்தில் நாட்டின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பம் தன் புதிய கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் ஓவியம் தீட்ட மெக்சிகோவின் தியேகோ ரிவேராவை அழைத்தது. ரிவேரா பொதுவுடைமைக்காரர். அது ஒன்றும் ரகசியமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்திருந்தது. அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அதே ராக்ஃபெல்லர் குடும்பத்தின் தலைவி அபி. வீட்டுக்கு வந்து போகிற ஓவியர், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். கூலி 21,000 டாலர். கொடுத்த தலைப்பு மிக நீளம். சுருக்கமாகச் சொன்னால், நாற்சந்தியில் நின்று புதிய எதிர்காலத்தை நம்பிக்கையோடு தேர்ந்தெடுக்கும் மனிதன்.

ரிவேரா வரைந்தது ஃப்ரெஸ்கோ முறையில். இங்கே வந்திருக்கும் ஓவியக் கல்லூரி மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரில் அன்றைக்கு வரையக்கூடிய அளவுக்கு மட்டும் சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். காரை உலர உலர, காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து அது கல்லாக இறுகும். நிறமும் அதற்குள்ளேயே இறுகிவிடும். சுவரின் மேல் ஓவியம் இருக்கிறது என்று சொல்வதுகூடத் தவறு, ஓவியமே சுவராகிவிடுகிறது. சட்டகத்தைக் கழற்றுவதுபோல் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. இந்தத் தொழில்நுட்ப விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீதிமன்றம் வரைக்கும் இது வரும்.

1933 ஏப்ரலில் ஒரு மாலைப் பத்திரிகை, ரிவேரா கம்யூனிசக் காட்சிகளை வரைகிறார், ராக்ஃபெல்லர் காசு கொடுக்கிறார் என்று தலைப்புப் போட்டது. அடுத்த சில நாட்களில், தொழிலாளர்களின் கைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தலைவரின் முகம் லெனினின் முகமாக மாறியிருந்தது. மே 4-ஆம் தேதி நெல்சன் ராக்ஃபெல்லர் கடிதம் எழுதினார். அவருக்கு அப்போது 24 வயது. மிகப் பணிவான கடிதம்தான். அந்த முகத்துக்குப் பதிலாக யாரென்று தெரியாத ஒருவரின் முகத்தை வரைய முடியுமா என்று கேட்டார். லெனினை எடுக்க மாட்டேன், வேண்டுமானால் ஆபிரகாம் லிங்கனையும் சேர்க்கிறேன் என்று ரிவேரா பதில் சொன்னார். மே 9-ஆம் தேதி அவரைச் சாரத்திலிருந்து இறக்கி, பேசிய பணத்தை முழுமையாகக் கொடுத்து அனுப்பினார்கள். ஓவியத்தைத் துணி போட்டு மூடினார்கள். 1934 பிப்ரவரியில் ஓர் இரவில் அதைச் சுத்தியலால் கொத்தித் தள்ளினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் ரிவேராவைத் தியாகியாக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒப்புக்கொண்ட மாதிரிப் படத்தில் லெனின் இல்லை. காசு வாங்கிக்கொண்டு, காசு கொடுத்தவர் வீட்டுக் கூடத்தில், அவர் ஒப்புக்கொள்ளாததை வரைந்தால் சண்டை வரும் என்பது ரிவேராவுக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சண்டையை அவர் விரும்பியும் இருக்கலாம். ஆனால் கேள்வி அவரைப் பற்றி மட்டுமில்லை. ஓவியத்தை மூடியதும் தெருவில் கூட்டம் கூடியது. ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் யாரும் அந்தச் சுவரின் உரிமையாளர் கிடையாது, வரைந்தவரும் கிடையாது. எங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதுபோல் வந்து நின்றார்கள். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் பெயர் இல்லை. இந்த மூன்றாவது ஆளைத்தான் நான் இன்று பின்தொடரப் போகிறேன்.

ரிவேரா தன் பழியை எப்படித் தீர்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உதவியாளரான லூசியன் பிளாக் ரகசியமாக எடுத்திருந்த புகைப்படங்கள் இருந்தன. அவற்றை வைத்து 1934-ல் மெக்சிகோ நகரத்தின் பெயாஸ் ஆர்ட்டஸ் மாளிகையில் அதே ஓவியத்தை மறுபடி தீட்டினார். லெனின் இருந்தார். கூடவே இன்னொருவரும் சேர்ந்தார்: கையில் மதுக் கிண்ணத்தோடு, பக்கத்தில் ஒரு பெண்ணோடு நெல்சனின் தந்தை ராக்ஃபெல்லர். அவர் தலைக்கு மேல் மேகநோய்க் கிருமிகள் மிதக்கின்றன. நியூயார்க்கில் மீதமிருந்த கூலிப் பணத்தில் ஒரு தொழிலாளர் பள்ளிக்கு வரைந்து கொடுத்தபோது, கழற்றி எடுத்துப் போகக்கூடிய பலகைகளின்மேல்தான் காரை பூசி வரைந்தார். அனுபவம் பாடம் கற்பித்துவிட்டது.

ரிவேராவுக்கு இருந்த புகழ் இல்லாதவர்களின் சுவர் என்ன ஆனது? அதே 1932-ல் இன்னொரு மெக்சிகோக்காரர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தார். தாவீத் அல்ஃபாரோ சிகேரோஸ். ஆறு மாத விசாவில் வந்தவர். அந்த நகரத்தின் பழைய மெக்சிகோ பகுதியில் ஓல்வெரா தெரு என்று ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்காக அதை அழகுபடுத்தி, பானை, தொப்பி, கிட்டார் என்று ஒரு கற்பனை மெக்சிகோவை அங்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி வெளிச்சுவரில், 80 அடி நீளத்தில், 'வெப்பமண்டல அமெரிக்கா' என்ற தலைப்பில் வரையச் சொன்னார்கள். பனைமரம், கிளி, பழம், மகிழ்ச்சியான மனிதர்கள். அவர்கள் எதிர்பார்த்தது அதுதான்.

சிகேரோஸ் காட்டை வரைந்தார், இடிந்த மாயன் கோவிலை வரைந்தார். நடுப்பகுதியை மட்டும் காலியாக விட்டுவைத்தார். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு உதவியாளர்களை அனுப்பிவிட்டுத் தனியாக அந்த இடத்தை நிரப்பினார். 1932 அக்டோபர் 9-ஆம் தேதி திரை விலகியபோது, இரட்டைச் சிலுவையில் அறையப்பட்ட ஒரு பழங்குடி விவசாயியை மக்கள் பார்த்தார்கள். அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு உட்கார்ந்திருந்தது. அந்த ஆண்டுகளில்தான் வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காரணம் காட்டி லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினரை, அமெரிக்காவிலேயே பிறந்தவர்களையும் சேர்த்து, எல்லைக்கு அப்பால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிகேரோஸின் விசாவும் நீட்டிக்கப்படவில்லை. தெருவிலிருந்து தெரிந்த பகுதியை முதலில் வெள்ளையடித்தார்கள். சில ஆண்டுகளில் முழுச் சுவரும் வெள்ளையானது.

இதில் தொழில் சம்பந்தமான ஒரு விஷயம் உண்டு. சிகேரோஸ் மெதுவான சுண்ணாம்புக் காரையைக் கைவிட்டு சிமென்ட் பூச்சுக்கும், தூரிகையை விட்டு வண்ணம் பீய்ச்சும் துப்பாக்கிக்கும் மாறியவர். கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற கருவி. புதிய சமூகத்துக்குப் புதிய கருவி வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஸ்ப்ரே கேனில் வரைகிற இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பாட்டன் முறை. ஸ்ப்ரே கேன் என்ற பொருளோ 1949-ல் தான் வந்தது. இல்லினாய்ஸில் பெயின்ட் வியாபாரம் செய்த எட்வர்ட் சீமோர், ரேடியேட்டர்களுக்கு அலுமினியப் பூச்சு அடித்துக் காட்டுவதற்காக அதைச் செய்தார். யோசனை சொன்னவர் அவர் மனைவி. உலகத்துத் தெருக்களையெல்லாம் மாற்றப் போகிறோம் என்று அந்தத் தம்பதிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓல்வெரா தெருவுக்குத் திரும்புவோம். 1960-களின் கடைசியில் அந்த வெள்ளைப் பூச்சு வெயிலில் உரியத் தொடங்கியது. உள்ளேயிருந்து சிலுவையில் அறையப்பட்டவன் மெல்ல மெல்ல வெளியே வந்தான். வந்த நேரம் பாருங்கள்: மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தங்களைச் சிக்கானோ என்று பெருமையோடு அழைத்துக்கொண்டு, பள்ளிகளில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த நேரம். தங்கள் தாத்தா காலத்தில் மூடப்பட்ட படம் தங்கள் கண்முன் திறப்பதைப் பார்த்தார்கள். வெள்ளையடித்தவர்கள் அதை மறைத்ததோடு, முப்பது ஆண்டு வெயிலிலிருந்து ஓரளவு காப்பாற்றியும் கொடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தஞ்சாவூர் நினைவு வந்தது. பெரிய கோவில் கருவறையைச் சுற்றிய பாதையில் ராஜராஜன் காலத்து ஓவியங்கள் இருந்தன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேல் புதிய பூச்சுப் பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் கீழே சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டு சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாது. பின்னர் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களை ஒரு மெல்லிய தோலாக உரித்தெடுத்துத் தனியே வைத்தார்கள். கீழே இருந்தது தெரிய வந்தது. நாயக்கர்கள் யாரையும் ஒடுக்குவதற்காகப் பூசவில்லை, பழைய சுவரைப் புதுப்பித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கோவிலின் அதிகாரம் கைமாறியபோது சுவரும் கைமாறியது என்பது அங்கேயும் உண்மை.

லாஸ் ஏஞ்சலிஸில் சிகேரோஸின் சுவரை கெட்டி நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்துப் பாதுகாத்தது. 2012 அக்டோபர் 9-ஆம் தேதி, சரியாக 80 ஆண்டு கழித்து, மறுபடி மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். மங்கிய நிறத்தை மங்கியபடியே விட்டார்கள், புதிதாக எதையும் தீட்டவில்லை. எனக்கு அந்த முடிவு மிகவும் பிடிக்கும். நம் ஊராக இருந்தால் பளபளவென்று எமல்ஷன் அடித்திருப்பார்கள்.

அந்தச் சிக்கானோ தலைமுறையிலிருந்து வந்தவர் ஜூடித் பாக்கா. இவரைப் பற்றித் தமிழில் அதிகம் பேசியதில்லை. அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 1970-களின் நடுவில், ராணுவப் பொறியாளர் துறை வெள்ளநீர் வாய்க்கால் ஒன்றின் கரையை அழகுபடுத்தித் தரக் கேட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றையும் கிளைகளையும் கான்கிரீட் கால்வாய்களாக மாற்றிய துறை அது. டுஜுங்கா வாஷ் என்கிற அந்த வாய்க்காலின் சுவர் அரை மைல் ஓடுகிறது. பாக்கா பூச்செடி வரையவில்லை. கலிஃபோர்னியாவின் வரலாற்றை அங்கே வரைந்தார், அதுவும் பள்ளிப் பாடத்தில் இல்லாத வரலாற்றை. ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள், எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்ட மெக்சிகோக் குடும்பங்கள், போர்க் காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர்.

யார் வரைந்தார்கள் என்பதுதான் முக்கியம். 1976 கோடையில் 80 இளைஞர்கள் வந்தார்கள். சிறார் நீதித்துறையின் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள். ஒரே தெருவில் சந்தித்தால் கத்தி எடுக்கக்கூடிய எதிரெதிர்க் குழுக்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களோடு பத்து ஓவியர்கள், ஐந்து வரலாற்றாசிரியர்கள். அந்த ஒரு கோடையில் 1,000 அடி முடிந்தது. அடுத்த ஆண்டு பாக்கா மெக்சிகோவுக்குப் போய் சிகேரோஸின் பட்டறையில் பெரிய சுவர்களைக் கையாளும் முறையைக் கற்று வந்தார். 1983 வரை வெவ்வேறு கோடைகளில் தொடர்ந்து 2,754 அடிக்கு நீட்டினார்கள். மொத்தம் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் வேலை செய்தார்கள், கூலியோடு. சுவர் அரசுடையது. திட்டம் பாக்காவுடையது. கதை, அதன் முன்னால் வாழ்கிறவர்களுடையது. 2011-ல் அதைப் பழுதுபார்த்தார்கள். இப்போது இன்னும் நீட்டுகிறார்கள். ராக்ஃபெல்லர் மையத்தில் தெருவோடு நின்றுபோன அந்த மூன்றாவது ஆள் இங்கே சாரத்தின்மேல் ஏறிவிட்டார்.

இதற்குள் நியூயார்க்கில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. ரயில் பெட்டியிலும் சுவரிலும் தம் பெயரை மட்டும் எழுதிப் போன பிள்ளைகளின் கதை. 1971-ல் 'டாக்கி 183' என்று ஊரெல்லாம் எழுதிய இளைஞனைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதை விரிவாகச் சொல்ல நேரமில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த கதையும்கூட. அந்தப் பரம்பரையின் கடைசிப் பெரிய கோட்டையை மட்டும் சொல்கிறேன். குயின்ஸ் பகுதியில் '5 பாயின்ட்ஸ்' என்று ஒரு பழைய தொழிற்சாலை. உரிமையாளர் ஜெர்ரி வோல்காஃப், வரைந்துகொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்திருந்தார். மெரெஸ் ஒன் என்ற பெயரில் எழுதும் ஜோனதன் கோஹன், யார் எங்கே வரையலாம் என்று ஒழுங்குபடுத்தினார். ரயிலில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துப் போகிற இடம். பிறகு நில மதிப்பு ஏறியது. அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட முடிவானது. ஓவியர்கள் நீதிமன்றம் போனார்கள், தடை கிடைக்கவில்லை. 2013 நவம்பரில் ஓர் இரவு ஆட்களை விட்டு எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டார் வோல்காஃப்.

அங்கேதான் அவர் தவறிவிட்டார். அமெரிக்காவில் 1990-ல் காட்சிக் கலைஞர்களின் உரிமைக்கென்று ஒரு சட்டம் வந்தது. கட்டடத்தை இடிக்கலாம், ஆனால் கழற்றக்கூடிய ஓவியமாக இருந்தால் வரைந்தவருக்கு எழுத்தில் தெரிவித்து 90 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அவர் கொடுக்கவில்லை. 2018-ல் நீதிபதி ஃபிரெடரிக் பிளாக், 21 ஓவியர்களின் 45 படைப்புகளுக்குத் தலா 1,50,000 டாலர், ஆக 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஸ்ப்ரே கேன் பிள்ளைகளின் கிறுக்கலை ஒரு நீதிமன்றம் கலை என்று ஒப்புக்கொண்ட நாள் அது. ஆனால் கட்டடம் 2014-லேயே இடிந்துவிட்டது. பணம் வந்தது, சுவர் வரவில்லை. தினமும் ரயிலிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வழக்கில் இடமே கிடையாது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு, அமெரிக்காவுக்கு முன்பே உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு. படைப்பை விற்றுவிட்டாலும், அதை யாராவது சிதைத்துப் படைப்பாளியின் பெயருக்கு ஊறு செய்தால் அவர் வழக்குப் போடலாம். அந்த 1957-லேயே தில்லியில் விஞ்ஞான் பவன் மண்டபத்துக்காக அமர்நாத் சேகல் என்ற சிற்பியிடம் ஒரு வெண்கலச் சுவர்ச்சிற்பம் கேட்டார்கள். 140 அடி நீளம், 40 அடி உயரம். 1962-ல் முடித்துக் கொடுத்தார். உழவர்கள், தொழிலாளர்கள், நாட்டுப்புற வாழ்க்கை. 1979-ல் மண்டபத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அதைப் பிடுங்கிக் கிடங்கில் போட்டார்கள். சில பகுதிகள் காணாமலே போயின. நாங்கள் காசு கொடுத்து வாங்கியது, என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்பதுதான் அரசுத் தரப்பின் வாதம்.

சேகல் விடவில்லை. 2005 பிப்ரவரியில் தில்லி உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எஞ்சியவற்றை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஒரு படைப்பை அழிப்பது சிதைப்பின் உச்சம் என்று நீதிபதி பிரதீப் நந்த்ராஜோக் ஏற்றுக்கொண்டார். மூன்று ஆண்டு முடிவதற்குள் சேகல் காலமானார்.

இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கைதட்டுவது எளிது. 2019-ல் அதே நீதிமன்றம் வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறது. பிரகதி மைதானத்தில் 1972-ல் எழுந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கட்டடத்தை 2017-ல் இடித்துத் தள்ளினார்கள். கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் 57-வது பிரிவின் கீழ் வந்தார். கட்டடத்தை முழுவதுமாக இடிக்கிற நில உரிமையாளரை அந்தப் பிரிவு தடுக்காது என்று தீர்ப்பானது. பாதி சிதைத்து வைத்தால் கலைஞருக்கு அவப்பெயர். மொத்தமாக இல்லாமல் செய்துவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் இல்லையே, அவப்பெயர் எங்கிருந்து வரும்? சட்ட அறிவு எனக்குக் கம்மி. ஆனாலும் கொஞ்சம் வெட்டினால் குற்றம், முழுதாக வெட்டினால் குற்றமில்லை என்கிற தர்க்கம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

இத்தாலியில் பொலோஞா நகரத்தில் ப்ளூ என்ற பெயரில் இயங்கும் ஓவியர் இதற்கு நேரெதிரான ஒன்றைச் செய்தார். 2016-ல் அங்கே தெரு ஓவியத்துக்கென்று பெரிய கண்காட்சி வைத்தார்கள். சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியங்களும் அதில் இருந்தன; ப்ளூவைக் கேட்காமல் எடுத்த அவருடைய படைப்புகளும் சேர்த்துத்தான். நுழைவுக் கட்டணம் உண்டு. கண்காட்சி திறப்பதற்குச் சில நாள் முன்பு, இருபது ஆண்டுகளாக அந்த ஊர்ச் சுவர்களில் தான் வரைந்த எல்லாவற்றையும் ப்ளூ சாம்பல் நிறம் பூசி அழித்துவிட்டார். பூசுவதற்குக் கூட வந்தவர்கள் அந்த ஊர் ஆட்கள். பார்வையாளர்களுக்குத் தண்டனை கொடுத்துவிட்டார் என்று சிலர் திட்டினார்கள். நான் இதில் இரண்டு மனமாகத்தான் இருக்கிறேன். ஆனால் உருளையைக் கையில் எடுத்த அந்த ஊர்க்காரர்களை நான் மறக்கவில்லை. இது எங்களுக்காக வரைந்தது, அங்கே டிக்கெட் போட்டு விற்க வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

சரி, நம் ஊர்ச் சுவர். தமிழ்நாட்டில் சுவருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பத்திரத்தைக் காட்டுவார்கள். அது பத்திரத்தில் மட்டும்தான். தேர்தலுக்கு ஓராண்டு முன்பே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரைப் போட்டு, 'ரிசர்வ்டு' என்று எழுதி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்றும் குறித்துவிடுவார்கள். வீட்டுக்காரரைக் கேட்டார்களா? அவரும் கேட்க மாட்டார். எதிர்க்கட்சிக்காரர் மட்டும் அந்த எழுத்தை மதிப்பார். அது ஓர் எழுதப்படாத தொழில் தர்மம். அதே வீட்டுக்காரர், சுவரோரம் சிறுநீர் கழிக்கிறவர்களைத் தடுக்க பிள்ளையாரையும் வேளாங்கண்ணி மாதாவையும் மக்காவையும் வரிசையாக டைல்ஸில் பதித்து வைப்பார். இந்தியாவில் மிக வெற்றிகரமான பொதுவெளிக் கலை எது என்று என்னைக் கேட்டால் அந்த டைல்ஸைத்தான் சொல்வேன். சொன்ன வேலையைச் செய்கிறது.

சுவரில் நூல் கட்டிக் கோடு போட்டு, நீலத்தில் எழுத்து, சிவப்பில் நிழல் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். சினிமா பேனர் எழுதியவர்கள் இருந்தார்கள். சிறிய ஸ்டில் ஒன்றைக் கட்டம் போட்டுப் பெருக்கி, ஆளுயரக் கண்களை ராத்திரியோடு ராத்திரியாகத் தீட்டியவர்கள். மூக்கின் ஓரத்தில் பச்சையும் கன்னத்தில் ஊதாவும் போட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் தோல் நிறமாகத் தெரிய வைக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. டிஜிட்டல் ஃபிளெக்ஸ் வந்ததும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தத் தொழில் முடிந்துபோனது. 2010-ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சி, அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளை அப்புறப்படுத்திவிட்டு மாமல்லபுரம், ஜல்லிக்கட்டு, பரதநாட்டியம் என்று வரையச் செய்தபோது, பேனர்க்காரர்கள் சிலருக்குக் கொஞ்ச நாள் வேலை கிடைத்தது. ஓவியங்கள் சுமார்தான், சுற்றுலாத்துறைக் காலண்டர் மாதிரி. ஆனால் அவற்றைக் கிண்டல் செய்கிற நம் விமர்சகர்கள், வரைந்தவர்கள் யார் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.

கடைசியாகச் சென்னையின் கண்ணகி நகர். கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் இன்னும் பல இடங்களிலும் குடிசைகளில் இருந்தவர்களைக் குடிசை மாற்று வாரியம் 2000-லிருந்து அங்கே குடியேற்றியது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை பார்த்த இடத்திலிருந்தும் பிள்ளைகள் படித்த பள்ளியிலிருந்தும் வெகுதூரம். ஊரின் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்கே வளர்ந்த இளைஞர்கள் சொல்வதுண்டு. 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் சேர்ந்து, தில்லி லோதி காலனியில் செய்ததுபோல் அந்தக் கட்டடங்களின் பெரிய பக்கச் சுவர்களில் ஓவியம் தீட்டின. நம் ஊர் ஏ-கில் முதல் வெளிநாட்டு ஓவியர்கள் வரை வரைந்தார்கள். அங்கே வாழ்கிறவர்களின் முகங்கள் சில சுவர்களில் நான்கு மாடி உயரத்துக்கு எழுந்தன. பத்திரிகைகள் எழுதின, கேமராக்காரர்கள் போனார்கள். குற்றச் செய்திக்கு மட்டுமே பெயர் வந்துகொண்டிருந்த ஒரு பகுதியின் பெயர் கலைப் பக்கத்தில் வந்தது. இது சின்ன விஷயம் இல்லை. குறை சொல்கிறவர்கள் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்ட பிறகு நான் கேட்கிறேன். அந்தச் சுவர் வாரியத்துடையது. படம் ஓவியருடையது. பெயின்ட் கம்பெனியுடையது. அந்தச் சுவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் வராமல் குடத்தோடு நிற்கிறவருடையது எது? வண்ணம் வந்ததும் தண்ணீர் வரவில்லையே என்று ஓவியர்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அது அவர்கள் வேலை இல்லை. ஆனால் என்ன வரையலாம் என்கிற கேள்வி அங்கே குடியிருக்கிறவர்களிடம் எந்தக் கட்டத்தில் போனது, எவ்வளவு தூரம் போனது என்பது ஓவியர்களின் வேலைக்குள்தான் வருகிறது. டுஜுங்கா வாய்க்காலில் வரைந்தவர்கள் தங்களை ஊரைவிட்டு அனுப்பிய கதையையே வரைந்தார்கள். கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றிவரப்பட்ட நாளைக் கண்ணகி நகர்ச் சுவரில் வரைய வாரியம் இடம் கொடுக்குமா? கொடுத்தால், அதை வரையக்கூடிய பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள்.

ஊரைக் கூட்டிக் கேட்டு வரைந்தால் படம் சப்பென்று போய்விடும் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். அதில் உண்மை உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1984-ல் சுவர்க் கிறுக்கல் ஒழிப்புத் திட்டமாகத் தொடங்கி, ஜேன் கோல்டன் தலைமையில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்களாக வளர்ந்த இயக்கம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்பு அக்கம்பக்கத்தாரோடு கூட்டம் போடுவார்கள். அவற்றில் பல, வாழ்த்து அட்டை போலத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுவர்களில் யாரும் கிறுக்குவது அரிது. யாருடைய வீட்டுப் பாட்டி அதில் இருக்கிறார் என்று தெருவுக்குத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். உங்களில் சிலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் வாரியச் சுவரிலோ மாநகராட்சிச் சுவரிலோ ரயில் நிலையத்திலோ வரையப் போகிறீர்கள். கையில் ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எத்தனை ஆண்டு அந்த ஓவியத்தை வைத்திருப்பார்கள், மங்கினால் யார் காசில் திருத்துவது, அழிப்பதற்கு எத்தனை நாள் முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். 57-வது பிரிவைக் காட்டுங்கள். கூடவே இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்: அழிக்கிற செய்தி அந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கும் போக வேண்டும். அந்த வரியைப் பார்த்து அதிகாரி சிரிப்பார். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்பார். அவர் சொல்வது சரிதான், இல்லை. அதனால்தான் ஒப்பந்தத்தில் கேட்கச் சொல்கிறேன்.